முகம் தெரியோணும்னு ஒரு ரூல்

ஏனுங்க, சித்த நில்லுங்க. நீங்க இந்தக் குளத்தைத் தினமும் சுத்தறவர்தான? பாத்திருக்கறேன். நீங்களும் தனியாத்தான் நடக்கறீங்க, நானும் தனியாத்தான் நடக்கறேன். சேந்து நடந்தா என்ன குறைஞ்சா போயிரும்? காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டிக்குங்க. பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது.

கொஞ்சம் எட்டி நடக்கலாமுங்களா? முன்னால நீலச் சட்டை போட்டுட்டு, வலது தோளைச் சாச்சுட்டு ஒருத்தன் போறான் பாருங்க. அவன் கண்ணுல படற தூரத்துலயே போகோணும். பேரு சென்னியப்பன். என் சினேகிதன். இருவது வருசமா ரெண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனி, ஒரே வண்டி. நான் ஓட்டுவேன், அவன் பின்னால உக்காந்துட்டு வருவான். இப்ப எங்கூடப் பேசறதில்லை. அவன் வர்ற நேரம் பாத்துத்தான் நானும் தினமும் இங்க வர்றேன். ஒரே ஒரு தடவை திரும்பி, என் மூஞ்சியைப் பாத்து, ஒரு வார்த்தை பேசோணும். திட்டுனாலும் சரிதான். எனக்கு வேண்டியது அவ்வளவுதானுங்க.

நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்கன்னு கேக்கறீங்க பாத்தீங்களா? எல்லாரும் அப்பிடித்தான் கேக்கறாங்க. எடுத்த எடுப்புலயே தப்பு என் பக்கம்னு முடிவு பண்ணிர்றாங்க. நான் ஒரு தப்பும் பண்ணலீங்க. ரூலுப்படி நடந்தேன். அந்த ரூலை எழுதுனதும் நான்தான். வேற எவன் எழுதுவான் அந்தக் கம்பெனியில?

என் பேரு தெய்வசிகாமணி. செக்கிங் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். தைச்சு வர்ற பனியனை வெளிச்சத்துல விரிச்சுப் பாத்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டதுன்னு புடிச்சு எடுக்கறது எங்க வேலை. எங்க மேசையைத் தாண்டாம ஒரு பீஸும் பொட்டியில ஏறாது. அதனாலயே எங்களைக் கண்டா எவனுக்கும் ஆகாது. தப்புப் பண்றவனை விட்டுட்டு, தப்பைக் கண்டுபுடிக்கறவனை வெறுக்கற உலகமுங்க இது. வெறுத்துட்டுப் போகட்டும். நான் என்ன, பொண்ணா கேட்டு வந்திருக்கறேன் அவனுககிட்ட?

ஹெச்.ஆர்.ல வினோதினின்னு ஒரு புள்ள புதுசா வந்துச்சு. வந்த புள்ள சும்மா இருக்குமா? எல்லாரும் உக்காந்து உக்காந்து சுகரைப் புடிச்சு வெச்சிருக்கறீங்க, நடைப் போட்டி வெக்கறேன்னு கிளம்புச்சு. அஞ்சஞ்சு பேரா ஒரு டீமு. நடக்கலாம், ஓடலாம், அவங்கவங்க இஷ்டம். போன்ல ஒரு ஆப்பு கணக்கு வெச்சுக்கும். மாசக் கடைசியில கூட்டிப் பாத்து ஜெயிச்ச டீமுக்குக் கப்பு. ரூல் என்னம்மான்னு கேட்டேன். "சும்மா ஜாலிக்குத்தான சார்"ங்குது. ஜாலிக்கு நடத்தற போட்டியில கப்பு எதுக்குங்க? கப்புன்னு ஒண்ணு வெச்சுட்டா அப்பறம் நியாயம்னு ஒண்ணு வேண்டாமா?

என் டீமுல சென்னியப்பன் இருந்தான். நான் கேப்டன். எதிர்ல, ஆர்டர் புடிக்கற மெர்ச்சண்டைசிங் செக்‌ஷன் குணசீலன் டீமு. அந்த ஆளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தக் குளத்தை நாலு சுத்துச் சுத்தோணும். எப்பப் பாத்தாலும் பல்லைக் காட்டிட்டு, "விடுங்கண்ணா, விடுங்கண்ணா"ம்பான். சரக்குல கறை இருந்தாலும் விடுங்கண்ணா, அளவு குறைஞ்சாலும் விடுங்கண்ணா. அவன் விடச் சொல்றதையெல்லாம் விட்டிருந்தா கம்பெனியே இந்நேரம் விட்டுப் போயிருக்கும்.

மொத வாரமே திருட்டுத்தனம். குணசீலன் டீமுல எம்பிராய்டரி ஆப்பரேட்டர் ஒருத்தன், ஓடற மிஷின் ஃபிரேம்ல போனை டேப் போட்டு ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஃபிரேமு முன்னயும் பின்னயும் ஆடுச்சுங்களா, சாயங்காலம் பாத்தா ஆப்பு கணக்குப்படி அவன் பழனிக்குப் பாதயாத்திரை போயிட்டுத் திரும்பி வந்துட்டான். எல்லாருக்கும் சிரிப்பு. வினோதினியும் வாயைப் பொத்திட்டுச் சிரிக்குது. நான் சிரிக்கலீங்க. "இதுக்கு ஒரு ரூல் போடறியா, இல்லை மொதலாளிகிட்டப் போகட்டுமா"ன்னு கேட்டேன். அந்தப் புள்ளைக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "அப்ப நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார்"னுச்சு. குடுத்தேன்.

கால் குட்டையா இருக்கறவனுக்குக் காலடி அதிகம் விழும், அதனால காலடியை எண்ணாதே, கிலோமீட்டரை எண்ணுன்னு எழுதுனேன். நல்ல ரூல்தான? நீங்களே சொல்லுங்க. வேலை நேரத்துல நடக்கறது சேராதுன்னு எழுதுனேன். பேக்கிங்ல தள்ளுவண்டி தள்ளற பொம்பளைக சண்டைக்கு வந்துட்டாங்க. "அண்ணா, எங்களுக்கு நடக்கறதே பொழப்பு. பொழுதுக்கும் நடந்துட்டு, வீட்டுக்குப் போயிச் சோறாக்கறதா, மறுக்கா ரோட்டுல நடக்கறதா?"ன்னு கேட்டாங்க. பொழப்பு வேற, போட்டி வேறன்னுட்டேன். மூணு டீமு அன்னைக்கே கழண்டுக்குச்சு. போகட்டும், களை எடுத்தாத்தான பயிரு தெரியும்.

அப்பறம் மரகதம் விசயம் வந்துச்சு. காஜா பட்டன் செக்‌ஷன்ல இருக்குது அந்தப் புள்ள, ஒரு கால் போலியோ. குணசீலன் அதைத் தன் டீமுல சேத்துக்கிட்டான். சேத்தது பத்தாதுன்னு, "அது ஒரு கிலோமீட்டர் நடந்தா ரெண்டாக் கணக்கு வெச்சுக்கலாமுங்களாண்ணா"ன்னு கேக்கறான். எப்பிடீங்க முடியும்? எங்க மேசையில இருக்கற அளவு டேப்பு ஒண்ணுதான், ஆளைப் பாத்து இஞ்சு மாறுமா? கால் குட்டைன்னா ரூலும் குட்டையாகோணுமான்னு கேட்டேன். கேன்டீன்ல அத்தனை பேரு முன்னால. அந்தப் புள்ள சாப்பிட்டுட்டு இருந்தது, கையைக் கழுவிட்டு வந்து, "எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். இவருகிட்ட எனக்காக யாரும் எதுவும் கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. பாத்தீங்களா? அந்தப் புள்ளைக்கே நியாயம் புரிஞ்சுது. குணசீலனுக்குத்தான் புரியலை.

அதோட விட்டனா? அஞ்சு பேரும் தினமும் நடந்தாகோணும், ஒருத்தர் நடக்காட்டியும் அன்னைக்கு டீமுக்கே சைபர்னு ஒரு ரூல் போட்டேன். மரகதத்தை மனசுல வெச்சுத்தான் இதைப் போட்டீங்கன்னு குணசீலன் கத்துனான். வெச்சுத்தான் போட்டேன். அதனால என்னங்க? ரூல் எல்லாத்துக்கும் பொதுதான? ஆனா அந்தப் புள்ள ஒரு நாள் தவறலீங்க. நெஞ்சழுத்தம் புடிச்சது. வீட்டுச் சந்துக்குள்ளயே சுவத்தைப் புடிச்சுட்டு நடக்கும், போட்டோ வரும்.

ஆமா, போட்டோ. அதைச் சொல்லலை பாருங்க. மிஷின்ல போனைக் கட்டறவனுக இருக்கற ஊருல வெறும் கணக்கை நம்ப முடியுமா? அதனால, அன்னன்னைக்கு நடக்கறப்பவே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போடோணும், முகம் தெரியோணும். முதுகு, பாதி மூஞ்சி, தொப்பி போட்ட மூஞ்சி எதுவும் செல்லாது. எத்தனை பேரோட போட்டோவை நான் திருப்பி அனுப்பியிருக்கறேன் தெரியுமுங்களா? பீஸைத் திருப்பி அனுப்பற மாதிரி அனுப்பிருவேன்.

கொஞ்சம் வேகமா வாங்க, அவன் வளைவுல திரும்பிட்டான். அந்த நாயைப் பாத்து வாங்க, ஒண்ணும் பண்ணாது.

குணசீலன் கடைசியா ஒண்ணு கேட்டான். "ஏங்கண்ணா, வீட்டுல நல்லது கெட்டது ஏதாச்சும் நடந்தா? எழவு விழுந்தா?" நான் சொன்னேன், அதுக்கு விலக்குக் குடுத்தா அவனவன் வாரத்துக்கு ஒரு பாட்டியைச் சாகடிப்பான், லீவு லெட்டர்ல பாக்காததான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு என் பக்கம் நின்னு பேசுனது யாருன்னு நெனைக்கறீங்க? இதா, முன்னால போறானே, இவன்தான். "சிகாமணி சொல்றது சரிதான். ஒருத்தனுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடோணும்"னான். நான் சொன்னா அவனுக்குச் சரிதான். இருவது வருசத்துல ஒரு தடவை கூட எதுத்துப் பேசுனதில்லை.

போட்டியோட கடைசி நாளு அவங்கம்மா செத்துப்போச்சுங்க.

நல்ல அம்மா. இல்லைங்கலை. நான் கல்யாணத்துக்கு முந்தி தனியா ரூம் எடுத்து இருந்தப்ப, வாரத்துல பாதி நாள் அந்தம்மா கையிலதான் சாப்பாடு. கம்பு தோசை சுடும் பாருங்க, அப்பிடி ஒரு தோசையை நான் அப்பறம் பாக்கவே இல்லை. சேதி வந்ததும் மொத ஆளா ஓடுனேன். சாமியானாவுக்குச் சொன்னது நான், வண்டிக்குச் சொன்னது நான், ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டது நான். குணசீலன் வந்தானா? வந்தான், ஒரு மாலையைப் போட்டுட்டு ஓரமா நின்னான். வேலை பூராவும் பாத்தது நானுங்க.

ஆனா மனுசனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களே, அது சும்மா இருக்குமா? எங்க டீமுக்கும் குணசீலன் டீமுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். அன்னைக்கு ஒரு சைபர் விழுந்தா நாங்க அவுட்டு. கொல்லைப்புறத்துல சென்னியப்பனைத் தண்ணி ஊத்தி ஈர வேட்டி கட்டி நிறுத்தியிருந்தாங்க. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. வீட்டுல இருந்து சுடுகாட்டுக்கு நல்ல தூரம். எப்பிடியும் நடந்துதான போகப் போறான்? நடக்கற நடை நடைதானுங்களே? திண்டாட்டமே இல்லை. பனியன் போடற பாலித்தீன் கவரு ஒண்ணு என் பையில இருந்துச்சு. அவன் போனை அதுல போட்டுச் சுத்தி, அவன் இடுப்புல செருகிவிட்டேன். ரூலுப்படி அவன் போன் அவன் மேலதான் இருக்கோணும். அவன் என்ன ஏதுன்னே கேக்கலை. நான் செருகுனா அது நல்லதுக்காத்தான் இருக்கும்னு நெனச்சிருப்பான்.

கணக்கு ஆச்சு. போட்டோ? அதுதான் கஷ்டம். அவன் கொள்ளிச் சட்டியைத் தூக்கிட்டு முன்னால போறான், புகை மூஞ்சியில அடிக்குது, சுத்தியும் பங்காளிக. ரெண்டு தடவை முன்னால ஓடிப் பாத்தேன், பறையடிக்கறவன் குறுக்க வந்துட்டான். சுடுகாட்டுல குடம் உடைக்கறப்ப எடுக்கலாம்னு பாத்தா தலையைத் தூக்கவே மாட்டேங்கறான், அழுகறான். முகம் தெரியலைன்னா செல்லாது. நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கறேன், என் ஆளுக்கு மட்டும் எப்பிடி விடறது? மாமியா உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு குணசீலன் கேக்க மாட்டானா?

உங்களுக்கே தெரியும், கொள்ளி வெக்கறவன் சிதைக்கு முதுகைக் காட்டி நின்னு, கையைப் பின்னால நீட்டித்தான் வெக்கோணும். வெச்சதும் திரும்பிப் பாக்காம நடந்தரோணும். பாத்தா போற உசுரு போகாதுன்னு ஐதீகம். பெரியவங்க நாலு பேரு சொல்லிட்டே இருந்தாங்க. "சாமி, திரும்பாத போ. திரும்பாத போ, சாமி." அவன் வெச்சுட்டு நடந்தான். தனியா. சுத்தி ஒருத்தரும் இல்லை, நல்ல வெளிச்சம். அவனுக்குப் பின்னால நான். முதுகுதான் தெரியுது.

கூப்புட்டேன். "சென்னீ"ன்னு ஒரே ஒரு தடவை.

திரும்பிட்டானுங்க.

போட்டோ அருமையா வந்துச்சு. மூஞ்சி பளிச்சுன்னு தெரிஞ்சுது, கண்ணுல தண்ணி நிக்கறது கூடத் தெரிஞ்சுது. ஆனா அங்க இருந்த பெரியவங்க "அய்யோ"ன்னு கத்துனாங்க. அவன் மாமன் ஒருத்தரு என் சட்டையைப் புடிச்சுட்டாரு. பேரைச் சொல்லித்தான கூப்புட்டேன், திரும்புன்னா சொன்னேன்? திரும்புனது அவன். அதை எவனும் யோசிக்கலை.

குரூப்புல போட்டேன். "சென்னியப்பன், இன்றைய நடை. முகம் தெரிகிறது"ன்னு எழுதித்தான் போட்டேன். மொதல்ல எவனும் கீழ எழுதுனதைப் படிக்கலை. எல்லாரும் ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல்னு கையெடுத்துக் கும்புடறானுக. குணசீலனும் கும்புட்டான். எனக்கு எரிச்சலாயிருச்சு. "இரங்கல் அப்பறம் சொல்லிக்கலாம், கணக்குல சேத்தாச்சான்னு சொல்லுங்க"ன்னு போட்டேன். அப்பறம்தான் கீழ எழுதுனதைப் படிச்சானுக. வினோதினி "சார்..."னு மட்டும் போட்டுச்சு. மரகதம் ஒரு வரி எழுதுச்சு. "சேத்துக்குங்க. கப்பையும் அவருக்கே குடுத்துருங்க. எங்களுக்கு வேண்டாம்."

குடுத்தாங்க. ஜெயிச்சது நாங்கதான். மொதலாளி கையால வாங்குனேன். கைதட்டு? அட, கைதட்டுக்கு எவன் ஏங்கறான்? என் டீமுல மத்த மூணு பேரும் மேடைக்கே வரலை, வேலை இருக்குதாம். வீட்டுல டிவிக்குப் பக்கத்துல கப்பை வெச்சேன். என் சம்சாரம் எடுத்து அலமாரிக்குள்ள தள்ளிட்டா. வர்றவங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்கறா. அவளும் அந்தக் கட்சிதான்.

கருமாதிக்குப் போனேனுங்க. போகாம இருப்பனா? வாசல்லயே நிறுத்திட்டான். சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தாப் பரவாயில்லை, நானும் நாலு சத்தம் போட்டிருப்பேன். மெதுவாத்தான் சொன்னான்.

"எல்லாரும் திரும்பாதேன்னாங்க, சிகாமணி. உன் குரல் கேட்டுச்சு. எங்கம்மாவுக்காக நீ அழுகறே போல, தாங்க முடியாமக் கூப்புடறே போலன்னு நெனச்சுத் திரும்புனேன். பாத்தா கையில போனைப் புடிச்சுட்டு நிக்கறே."

அவ்வளவுதான். உள்ள போயிட்டான். அதுக்கப்பறம் ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்குப் பஸ்ஸுல வர்றான். என் வண்டியில பின் சீட்டு சும்மா வருது. சிக்னல்ல நிக்கறப்பப் பழக்கத்துல ஏதாச்சும் பேசிருவேன், பக்கத்து வண்டிக்காரன் பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரிப் பாக்கறான். எனக்கு அழுகையா வருதுங்க சில நாளு. சொல்றதுக்கென்ன.

ஆனா கோவமும் வருது. நான் அழுகலைன்னு அவனுக்கு யாரு சொன்னா? அந்தம்மா கையால தின்னவன் நான். டீமுக்காகத்தான எடுத்தேன், அவனும் அந்த டீமுதான? எழவுக்கு விலக்கு வேண்டாம்னு எல்லாரு முன்னாலயும் சரின்னது அவன்தான? நான் குணசீலன் மாதிரி ஆளுக்கொரு நியாயம் பேசியிருந்தா இன்னைக்கு எல்லாரும் என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடியிருப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே ரூல்னு நின்னேன் பாருங்க, அதுதான் நான் பண்ணுன பாவம். அந்த ஒண்ணை மட்டும் அவன் ஒத்துக்கிட்டாப் போதும். இல்லை, ஒத்துக்கக் கூட வேண்டாமுங்க. சும்மா திரும்பிப் பாத்தாப் போதும்.

அதா, குளத்துக் கேட்டுப் பக்கத்துல போயிட்டான். கேட்டைத் தாண்டுனா பஸ் ஏறிருவான், அப்பறம் நாளைக்குத்தான். இருங்க, ஒரு தடவை கூப்புட்டுப் பாக்கறேன்.

சென்னீ! டேய், சென்னீ!

பாத்தீங்களா? அந்த ரெண்டு பொம்பளைக திரும்பிப் பாக்கறாங்க. இளநி வெட்டறவன் திரும்பிப் பாக்கறான். நாய் கூடத் திரும்பிப் பாக்குது. அவன் காதுல விழுந்துச்சுங்க, சத்தியமா விழுந்துச்சு, அந்தத் தோளு ஒரு நொடி நின்னுச்சு, நீங்களே பாத்தீங்க. அன்னைக்கு ஊரே திரும்பாதேன்னு சொல்லியும், நான் ஒரு தடவை கூப்புட்டதுக்குத் திரும்புனவன். இன்னைக்குத் திரும்பாதேன்னு சொல்ல ஒருத்தரும் இல்லை. இருந்தும் நேராப் போறான் பாருங்க, கொள்ளி வெச்சுட்டுப் போறவனாட்டம்.

ஏனுங்க, நீங்க எங்க வேகமாப் போறீங்க? நில்லுங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நான் என்ன, செத்தா போயிட்டேன்?